ஆதிமனிதனின் உடை ஓரம் ஏன் எப்போதும் கிழிந்தே இருக்கிறது?

14.7.2024, காலை: பெருந்துறையிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

அண்ணா, என் மகன் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான். ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்கு ஆதிமனிதன் வேடம் கொடுத்திருக்கிறார்கள். சாக்குப் பையை ஒற்றைத் தோளில் மாட்டி, கீழ் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, முகத்திலும் கைகால்களிலும் கரி பூசி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். தொலைக்காட்சியில் வரும் குகைமனிதர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். உண்மையிலேயே அவர்கள் அப்படி உடுத்தினார்களா? தையல் தெரிந்த நீங்கள் சொன்னால் அதன்படியே தைத்துக்கொள்கிறேன்.

14.7.2024, இரவு

இல்லை, அப்படி உடுத்தவில்லை. திருப்பூரில் 27 ஆண்டுகளாகப் பேட்டர்ன் மாஸ்டராக, அதாவது துணி வெட்டுவதற்கான அளவுத் தாள் வரைபவனாக, இருப்பவன் நான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் உடையின் ஓரத்துக்குத்தான் போகும். ஆதிமனிதர்கள் வரும் படங்களில் அந்த ஓரம் எப்போதும் கிழிந்தே தொங்குகிறது. தோலைக் கையாண்டவர்களுக்கு ஒன்று தெரியும்: ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்தால் அந்த இடத்திலிருந்து கிழிசல் உள்ளே ஏறும். முள்ளிலும் புதரிலும் நடந்து வேட்டையாடுகிறவன், மாட்டிக்கொண்டு கிழியக்கூடிய இருபது முப்பது பற்களை வேலை மெனக்கெட்டு வெட்டி வைத்துக்கொள்ள மாட்டான். கூரிய கல் சில்லு தோலை நேராகவே வெட்டும்.

இந்தப் பல் ஓரத்தை நம் குழந்தைகளின் மனத்தில் பதிய வைத்ததில் 1960 முதல் 1966 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற கேலிச்சித்திரத் தொடருக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் நாயகன் ஃபிரெட் அணிவது கறுப்புத் திட்டுகள் கொண்ட ஆரஞ்சு நிற உடை. அதன் கீழ் ஓரம் பல் பல்லாக இருக்கும். உங்கள் பள்ளி சொல்லியிருக்கும் உடையும் ஏறக்குறைய அதுவே.

15.7.2024

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். ரஷ்யாவில் விளாதிமிர் நகருக்கு அருகே சுங்கிர் என்ற இடத்தில் ஏறத்தாழ 34,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழிகளைக் கண்டெடுத்தார்கள். ஒரு பெரியவரும் இரண்டு சிறுவர்களும் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். மூவரின் உடல் மேலும் மாமூத் யானையின் தந்தத்தில் செய்த மணிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. எல்லாம் சேர்ந்து 13,000க்கும் மேல். உடை மட்கிப் போய்விட்டது. மணிகள் மட்டும் தைத்த இடத்திலேயே நின்றுவிட்டன. ஆகவே மேலுடை எங்கே முடிந்தது, காலுடை எங்கே தொடங்கியது என்று மணி வரிசையை வைத்தே கணிக்க முடிகிறது. எனக்கு அது ஒரு பேட்டர்ன் தாளைப் படிப்பது போல இருந்தது.

ஒரு சட்டையில் முப்பது கல் வைத்துத் தைக்க வேண்டும் என்ற ஆர்டர் வந்தாலே எங்கள் பிரிவில் பெருமூச்சு விடுவார்கள். இறந்துபோன ஒரு பிள்ளையின் உடையில் ஐயாயிரம் மணிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுக் கோத்துத் தைத்தவர்களைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

17.7.2024

"ஊசி இல்லாமல் எப்படித் தைத்தார்கள்?" என்று கோபியிலிருந்து எழுதும் நண்பர் கேட்டிருக்கிறார். ஊசி இருந்தது. சைபீரியாவில் கிடைத்த காதுள்ள எலும்பு ஊசிகள் 40,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஊசி வந்த பிறகுதான் உடலோடு ஒட்டிய உடை வந்தது. அதற்கு முன் வாழ்ந்தவர்கள் தோலைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள் என்பது என் கருத்து.

20.7.2024

இரண்டு நாள் விடுப்பில் இருந்ததால் 'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.' படத்தை மறுபடியும் முழுதாகப் பார்த்தேன். 1966இல் வந்த படம். கேனரித் தீவுகளின் எரிமலை நிலத்தில் எடுத்திருக்கிறார்கள். ரே ஹாரிஹவுசன் பொம்மைகளைக் கட்டம் கட்டமாக நகர்த்தி உயிர் கொடுத்த டைனோசர்கள் இன்றும் வியக்க வைக்கின்றன. பறவைகள் நீங்கலான டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன என்பதைச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதை நான் மீண்டும் பேசப் போவதில்லை.

நான் பேச விரும்புவது கதாநாயகி ராக்குவல் வெல்ச் அணிந்திருக்கும் அந்தத் தோல் ஈருடையை (பிகினியை)ப் பற்றி. அந்த உடையில் மார்புக்கு ஏற்ற வளைவு இருக்கிறது. தாங்கிப் பிடிக்கும் பட்டை இருக்கிறது. உடலோடு அளவாகப் பொருந்துகிறது. அதை வெட்டுவதற்கு நல்ல கைத்தேர்ச்சி வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் எவரும் தைப்பதை நான் பார்க்கவில்லை. ஓர் ஊசியோ நரம்பு நூலோ என் கண்ணில் படவில்லை. கூந்தல் வாரியிருக்கிறது, முகம் கழுவியிருக்கிறது, உடை அளவாக இருக்கிறது. இவற்றைச் செய்த கை மட்டும் இல்லை. ஆண்கள் சண்டை போடுகிறார்கள், பெண்கள் ஓடுகிறார்கள். கடலோரக் கூட்டத்தில் குகை ஓவியமும் சிப்பி அணியும் வந்து போகின்றன; அந்தக் காலத்து மனிதர்களின் பகலை நிரப்பியிருக்கக்கூடிய தோல் வேலை மட்டும் என் கண்ணில் படவில்லை.

21.7.2024

'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' படத்தை மறந்துவிட்டேன் என்று சுட்டிக்காட்டியவர் சொன்னது சரிதான். ஜான் ஜாக் அனோ இயக்கி 1981இல் வந்த அந்தப் படம் 80,000 ஆண்டுகளுக்கு முன் நடக்கும் கதை. அதில் வரும் கூட்டங்களின் பேச்சை அந்தோனி பர்ஜஸ் என்ற எழுத்தாளரும், உடலசைவுகளை விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸும் வடிவமைத்தார்கள். ஒப்பனைக்காக ஆஸ்கர் விருதும் கிடைத்தது. பழக்கிய யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்தி மாமூத்துகளாக்கினார்கள்.

இந்தப் படத்தை நான் மதிக்கிறேன். நெருப்பை உண்டாக்கத் தெரியாமல், அணையாமல் சுமந்து காக்க மட்டுமே தெரிந்த ஒரு கூட்டம், தீக்கடைகோலைச் சுழற்றி நெருப்பு வரும் காட்சியை முதன்முதலில் பார்க்கும்போது அந்த முகங்களில் வரும் வியப்பு உண்மையானது. ஒரு கைவேலையை ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பதே கதையின் உச்சமாக இருக்கும் படம் அது. அப்படிப்பட்ட படத்திலும் தோலுடைகள் தைத்தவையாகத் தெரியவில்லை. உரித்த தோலை அப்படியே போட்டுக்கொண்டது போலத்தான் இருக்கின்றன.

21.7.2024, இரவு

உரித்த தோலை அப்படியே போட்டுக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வெயிலில் இரண்டு நாளில் அது அப்பளம் போல விறைத்துவிடும். மழையில் நனைந்தால் நாறும். கொழுப்பை வழித்தெடுத்து, தேய்த்துத் தேய்த்துப் பதப்படுத்தினால்தான் உடம்பில் படியும். பிரான்சில் நியாண்டர்தால் மனிதர்கள் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன ஒரு மனித இனம்) இருந்த இடங்களில், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, விலா எலும்பில் செய்த தோல் தேய்க்கும் கருவிகள் கிடைத்திருக்கின்றன. இன்றும் தோல் தொழிலாளர்கள் அதே வடிவக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள்.

26.7.2024

கயிற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பாவின் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றம் நின்று போன பிறகும் அவர் கற்றாழை நாரில் கயிறு திரிப்பதை விடவில்லை. ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார். பிறகு மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார். புரி பிரிந்துகொள்ளப் பார்க்கும். கயிறு அதைப் பிரிய விடாது. இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதைச் செய்வதற்கு எண்ணத் தெரிய வேண்டும், முதல் முறுக்கின் திசையை நினைவில் வைத்திருக்க வேண்டும், முடிவு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே மனத்தில் காண வேண்டும்.

பிரான்சின் தென்கிழக்கில் அப்ரி டு மாரா என்ற பாறை ஒதுங்கிடத்தில் ஒரு கல் சில்லின் மேல் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் கயிற்றைப் பற்றி 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நீளம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். ஊசியிலை மரத்தின் உட்பட்டை நார். மூன்று புரி. ஒவ்வொரு புரியும் ஒரு திசையில், மூன்றும் சேர்ந்து எதிர்த்திசையில். வயது 41,000 முதல் 52,000 ஆண்டுகள். திரித்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள்.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கணுமே, வாய் பேசாம இதை எப்படிச் சொல்லித் தர்றது?" என்று கேட்டார். பெரும்பாலான படங்களில் இந்த மனிதர்கள் உறுமுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

27.7.2024: திருத்தம்

17ஆம் தேதி எழுதியது தவறு. ஊசி வந்த பிறகுதான் அளவான உடை வந்தது என்று சொல்லியிருந்தேன்.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பதப்படுத்திய ஓர் ஆட்டுத்தோல் வாங்கினேன். ஆட்டின் கால் எலும்பைக் கல்லில் தேய்த்து ஊசி செய்து பார்த்தேன். காது போடும் இடத்தில் மூன்று முறை உடைந்தது. நான்காவது ஊசி தோலில் நுழையவே மறுத்தது. கடைசியில் காது இல்லாமல் கூர்மையாக மட்டும் தேய்த்த எலும்பால் துளையிட்டு, அந்தத் துளையில் கற்றாழை நாரை விரலால் செலுத்தி இழுத்தேன். செருப்புத் தைப்பவர் குத்தூசியால் செய்கிற அதே வேலை. உடையின் ஒரு தோள் மூட்டு மிக உறுதியாக, அளவாக வந்தது.

பிறகு படித்துப் பார்த்தபோது, சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் கில்லிகனும் அவருடைய குழுவினரும் கடந்த மாதம் வெளியிட்ட கட்டுரை இதையே விரிவாகச் சொல்கிறது என்று தெரிந்தது. குளிருக்கு ஏற்ற அளவான உடைக்கு எலும்புக் குத்தூசியே போதும். காதுள்ள ஊசி வந்ததன் காரணம் நுண்ணிய தையலும் அலங்காரமும், ஒன்றன் மேல் ஒன்றாக உடுத்தும் உள்ளுடையும் ஆகலாம் என்பது அவர்கள் கருத்து. சுங்கிர் மணிகளை நினைத்துக்கொண்டால் இது நன்றாகப் பொருந்துகிறது. காதற்ற ஊசி என்று எதற்கும் உதவாத பொருளைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மனிதனுக்கு முதலில் அளவான உடை தந்தது அந்தக் காதற்ற ஊசிதான்.

போர்த்திக்கொள்ளும் உடையோ அதற்கும் பழையது. தலைப் பேனிலிருந்து உடையில் மட்டும் வாழும் பேன் எப்போது பிரிந்தது என்பதை மரபணுவைக் கொண்டு கணக்கிட்டவர்கள், குறைந்தது 83,000 ஆண்டுகள், பெரும்பாலும் 1,70,000 ஆண்டுகள் என்கிறார்கள்.

28.7.2024

"படம் பொழுதுபோக்குக்குத்தானே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்று எழுதியவருக்கு. காலால் மிதித்து ஓட்டும் கல் கார் வரும் கேலிச்சித்திரத்தை எவரும் வரலாறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று முதலில் பதில் எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். பெருந்துறைச் சகோதரியின் மகனுக்குப் பள்ளி கேட்ட உடை எந்தத் தீவிரமான படத்திலிருந்தும் வரவில்லை. அந்தக் கேலிச்சித்திரத்திலிருந்துதான் வந்திருக்கிறது. ஆகவே பொழுதுபோக்குதான் அதிகம் பதிகிறது.

3.8.2024, ஆடிப்பெருக்கு

இன்று கம்பெனி விடுமுறை. பவானி கூடுதுறைக்குப் போய்வந்து எழுதுகிறேன்.

கூனி நடக்கும் குகைமனிதன் எங்கிருந்து வந்தான் என்று ஒருவர் கேட்டிருந்தார். 1908இல் பிரான்சின் லா ஷாப்பல் ஓ சான் என்ற ஊரில் ஒரு நியாண்டர்தால் முதியவரின் எலும்புக்கூடு கிடைத்தது. மார்சலின் பூல் என்ற அறிஞர் அதை ஆராய்ந்து, முழங்கால் மடங்கி, தலை முன்னே துருத்தி, பாதி குரங்கு போல நடந்தவர் என்று எழுதினார். ஓவியங்களும் பின்னர் படங்களும் அதையே பிடித்துக்கொண்டன. 1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் மறுபடியும் ஆராய்ந்தபோது, அந்த முதியவருக்கு முதுகெலும்பில் கடுமையான மூட்டுவாதம் இருந்தது தெரியவந்தது. நோயுற்ற ஒரு முதியவரின் உடலை ஓர் இனத்தின் உடலாக எண்ணிவிட்டார்கள். பற்களில் பெரும்பாலானவை அவருக்கு உயிரோடு இருந்தபோதே விழுந்துவிட்டன. அவரைச் சுற்றி இருந்தவர்கள் அவரை விட்டுவிடவில்லை. இராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த இன்னொருவருக்கு ஒரு கை முழங்கைக்குக் கீழ் இல்லை. ஒரு கண் பார்வையும் பழுதுபட்டிருக்கக்கூடும். அவரும் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்.

என் மாமா ஒருவர் தறிக்குழியில் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்து, கடைசிக் காலத்தில் இடுப்பு நிமிராமல் நடந்தார். அவருடைய எலும்பை மட்டும் பார்த்து, சென்னிமலைக்காரர்கள் எல்லோரும் கூனி நடந்தவர்கள் என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

4.8.2024

கொடுமணலைக் கற்கால ஊர் என்று பேச்சுவாக்கில் எழுதிவிட்டேன் (அந்த வரியை நீக்கிவிட்டேன்). நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் இரும்புக் காலத்தையும் அதற்கு அடுத்த தொடக்க வரலாற்றுக் காலத்தையும் சேர்ந்தது. இரும்பு உருக்கியவர்கள், கல்மணி செய்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள் வாழ்ந்த ஊர். நம் தோட்டங்களில் பாண்டியன் குழி என்று சொல்லும் கல்லறைகளும் குகைமனிதர்களுடையவை அல்ல. கற்கால மனிதருக்குத் தமிழ்நாட்டில் அத்திரம்பாக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் 15 லட்சம் ஆண்டுகள் வரை பழையவை. நம் மண்ணில் தோலும் நாரும் நிற்காது, கல் மட்டும் நிற்கும். அதனால் கல்லைத் தவிர அவர்களிடம் ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுகிறோம்.

குகைமனிதன் என்ற பெயரும் அப்படிப் பிறந்ததுதான். குகையில் எலும்பும் சாம்பலும் காக்கப்படும். வெளியே கட்டிய குடிசை மறைந்துவிடும். இஸ்ரேலின் கலிலேயக் கடலோரத்தில் ஒஹாலோ என்ற இடத்தில் நீருக்கடியில் காக்கப்பட்ட ஆறு குடிசைகளின் தடம் கிடைத்தது. கிளைகளை வளைத்துக் கட்டி, தரையில் புல் பரப்பிப் படுத்திருக்கிறார்கள். 23,000 ஆண்டுகள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அவை சாளைகள். சாளையில் குடியிருக்கும் ஆதிமனிதனை எந்தப் பள்ளி நாடகத்திலும் நான் பார்த்ததில்லை.

9.8.2024

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன்.

எங்கள் ஓவர்லாக் பிரிவில் தாளவாடி மலையிலிருந்து வந்த பெண்கள் சிலர் வேலை செய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் கைப்பேசியில் ஒரு பழைய பாட்டை ஓடவிட்டார். இலைப் பாவாடை, முகத்தில் கரி, தலையில் இறகு, கையில் ஈட்டி, நாயகனைக் கம்பத்தில் கட்டி வைத்துச் சுற்றி ஆட்டம், பொருளில்லாத கூச்சல். எல்லோரும் சிரித்தார்கள். சோளகர் குடியைச் சேர்ந்த ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு எழுந்து போனார். அன்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்றுவரை எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

தமிழ்த் திரையில் கற்கால மனிதர்களைப் பற்றிய கதைகள் அரிது. ஆனால் கற்கால மனிதனின் உடை நம்மிடம் தாராளமாக இருக்கிறது; அதை மலைவாழ் மக்களுக்கு மாட்டிவிட்டிருக்கிறோம். அதே கரி, அதே பல் ஓரம், அதே உறுமல். நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்வதை நேரில் பார்த்திருக்கிறேன். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். எண்ணிக்கை முழுவதும் மனத்திலேயே இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற வேலை. கணினியில் பேட்டர்ன் போடும் நான் அந்த எண்ணிக்கையைப் பின்தொடர முயன்று மூன்றாவது வரிசையில் தொலைத்தேன்.

சகோதரி, உங்கள் மகனுக்குக் கரி பூச வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவன் வகுப்பிலும் மலையிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கலாம்.

10.8.2024

நேற்றைய குறிப்புக்குப் பலர் பதில் எழுதியிருக்கிறீர்கள். 'ஆல்ஃபா' என்ற 2018ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பாவில் ஒரு சிறுவனும் ஓர் ஓநாயும் நட்பாகும் கதை. அவர்கள் பேசுவதற்கென்றே ஒரு மொழியை உருவாக்கியிருக்கிறார்கள். உடையில் தையல் தெரிகிறது, தோள் பொருந்துகிறது. தந்தை மகனுக்குக் கல்லாயுதம் செய்யக் கற்றுக்கொடுக்கும் பேச்சில் உறுமல் இல்லை. படம் முடிந்த பிறகும் அந்தத் தோள் மூட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

18.8.2024

சகோதரி அனுப்பிய அளவுகள் கிடைத்தன. மார்பு 26 அங்குலம், தோள் 11, உயரம் முழங்கால் வரை 30. சாக்கு வேண்டாம், அரிக்கும். தேன் நிறக் கெட்டிப் பருத்தித் துணியில் இரண்டு தோளும் மூடும்படி வெட்டியிருக்கிறேன். பக்கத் தையல் எல்லாம் கையால், துளையிட்டு நார் கோத்தது; மேடையில் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி தையலை வெளிப்பக்கமாகவே விட்டிருக்கிறேன். கீழ் ஓரம் நேராக மடித்துத் தைத்தது. கழுத்தைச் சுற்றி மரமணி 60. நாடகத்தில் அவன் கையில் கதாயுதம் கொடுப்பதாக இருந்தால், அதற்குப் பதிலாகக் கயிறு திரிப்பது போல ஒரு நிமிடம் உட்காரவைக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

இடுப்புக் கயிற்றை அப்பா திரித்துக் கொடுத்திருக்கிறார். மூன்று புரி. நாளை பெருந்துறைப் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன்.

19.8.2024

கயிற்றின் ஒரு நுனியை அப்பா முடிச்சுப் போடாமல் விட்டிருக்கிறார். பையன் பிரித்துப் பார்த்துவிட்டுத் தானே மறுபடியும் முறுக்கட்டும் என்றார். முதலில் வலப்பக்கம், பிறகு மூன்றையும் சேர்த்து இடப்பக்கம்.